காரணமின்றி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கோபித்துக்கொள்வதைவிட அது மேல். ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை எழுதியவன் நான்தான்.

நான் ஒரு பேருந்துப் பணிமனையில் எழுத்தர். கண்ணாடி உடைந்தால், கதவு சிக்கினால், பயணி தடுக்கி விழுந்தால் ஓர் அறிக்கை வேண்டும். ஓட்டுநர்கள் வாயால் சொல்வார்கள், நான் அதை அலுவலகத் தமிழில் மாற்றுவேன். ‘மேற்படி வாகனம்’, ‘மேற்படி நபர்’ என்று எழுதி எழுதிக் கடைசியில் எனக்கே மேற்படி என்று பெயர் விழுந்துவிட்டது. “மேற்படியைக் கூப்பிடு” என்றால் பணிமனையில் நான்தான் வருவேன். வேலை போக மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு அச்சாகியிருக்கின்றன. அந்த இரண்டும் ஏற்றிவிட்ட மிதப்பு இந்த விவகாரத்தில் ஒரு கைதி. [கைதி இல்லை, குற்றவாளி. இல்லை, அதுவும் கொஞ்சம் கூடுதல். விட்டுவிடுகிறேன்.]

போன வருடக் குளிர்காலத்தில் எங்கள் முதல் பேருந்து ஒரு சைக்கிள்காரரைத் தட்டிவிட்டது. காலை ஆறு பத்து. உயிருக்கு ஆபத்தில்லை, தொடை எலும்பு முறிந்தது, தலையில் அடி. பேருந்தை ஓட்டிய அக்கா என் மேசை முன்னால் வந்து நின்று சொன்னது மூன்றே சொல்: “அவர் குறுக்க வந்துட்டார்.”

நான் எழுதியது இது:

மேற்படி சைக்கிள் ஓட்டி காரணமின்றித் திரும்பிக் குறுக்கே வந்தார்.

‘காரணமின்றி’ என்று அக்கா சொல்லவில்லை. அது இல்லாமல் வாக்கியம் மொட்டையாக நின்றது. காதில் ஓர் அடி குறைந்தது. சேர்த்தேன். அவ்வளவுதான் நடந்தது என்று அன்றைக்கு நினைத்தேன்.

2

இந்தக் கதையின் முதல் தொடக்கம் இது:

[பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் போர்வை போர்த்த சாலையில், தன்னந்தனியாக, ஒரு பெண் தன் சைக்கிளை

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். இந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். விபத்தன்று பனி கொட்டவில்லையாம். கொட்டியிருந்தால் எல்லாரும் பயந்து மெல்லப் போயிருப்பார்கள், ஒன்றும் ஆகியிருக்காது என்றாள்.

(ஓரக்குறிப்பு: நம் மொழியில் புல்லின் மேல் நிற்பதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, வானத்திலிருந்து கொட்டுவதும் பனி, வழுக்கிவிடுவதும் பனி. கவிதைக்கு வசதி. விபத்து அறிக்கைக்குப் பெரிய தொல்லை.)

இரண்டாவது தொடக்கம்:

[குற்ற உணர்ச்சி அவளை ஒவ்வொரு விடியலிலும் எழுப்பிவிட்டது

இதற்கும் கை நீண்டது. தன்னை எழுப்புவது கடிகாரம் என்றாள். பாவத்தைக் கழுவத்தான் சைக்கிள் மிதித்தாள் என்று நான் எழுதினால், கதையில் தன்னைச் சேர்க்கவே வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. குள்ளம். ஓட்டுநர் இருக்கையை அவளுக்காக முன்னால் இழுத்தால், அடுத்து ஏறுகிற ஆளுக்கு முழங்கால் இடிக்கும். இருபத்தோரு வருடமாக ஓட்டுகிறாள். பதினாலு வருடமாக முதல் வண்டி. முதல் வண்டியில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரே அதைப் பிடித்து வேலைக்குப் போகலாம், அதை ஓட்டுகிற ஆள் மட்டும் போக முடியாது. அதனால் அவள் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தினமும் ஐந்தரை மணிக்கு அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். மழையோ பனியோ, பதினாலு வருடம். ஒருநாள் பிசகியதில்லை.

அந்த மனிதரை ஒதுக்கிவிட்டு அவள் ஏன் சைக்கிளில் ஏறினாள் என்பதுதான் கதை.

3

ஐம்பது தாண்டிய ஓட்டுநர்களுக்கு வருடா வருடம் கண் பரிசோதனை உண்டு. இந்த வருடம் அக்காவுக்குப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொள்ள அவள் போன கடையில்தான், முகப்பு மேசையில், கண்ணாடிகளைத் துணியால் துடைத்துக் கூட்டில் போட்டுக்கொண்டிருந்தார் அவர். அடிபட்டவர். மருத்துவமனையில் காலைத் தூக்கிக் கட்டித் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் ஒருமுறை போய் எட்டிப் பார்த்திருக்கிறாள். அதனால் முகம் தெரியும்.

நான்தான் அன்றைக்கு அந்த பஸ்ஸை ஓட்டியவள் என்று அவள் சொன்னதும், அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு கால் சற்றுக் குட்டை. திட்டப்போகிறார் என்று அவள் தயாராக நின்றாள்.

“என்னால உங்களுக்குத்தான் பெரிய தலைவலி. மன்னிச்சிடுங்க” என்றார் அவர்.

அவரே தொடர்ந்து பேசினார். அன்றைக்குக் காலை நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கையுறை மாட்டியதோடு சரி. அதற்கு அடுத்து மருத்துவமனைக் கூரைதான். நடந்தது என்னவென்று அறிக்கைத் தாளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாராம். காரணமில்லாமல் திரும்பினார் என்று தாளில் இருந்தது. காரணமில்லாமல் ஒருவன் பேருந்துக்கு முன்னால் திரும்புவானா? அப்படியென்றால் மயக்கம் வந்திருக்க வேண்டும், இல்லை மூளையில் ஏதோ. இரண்டு தடவை தலையில் கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் மோசம் என்றார். அகப்பட்ட நோய்க்காவது மாத்திரை உண்டு.

இருபத்திரண்டு வருடமாக அவர் கடைக்குப் பின்கட்டில் லென்ஸ் தேய்த்தவர். சுழலும் சக்கரத்தில் கண்ணாடி வில்லையை வைத்து, தலைமயிர் கனம் கூடாமல் குறையாமல் இழைப்பவர். கடைக்காரர் நல்ல மனிதர்தான். கொஞ்ச நாள் சக்கரத்தின் பக்கம் போக வேண்டாம், முன்னால் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தக் கொஞ்ச நாளுக்கு வயது பத்து மாதம்.

“சரியாத்தானே சொல்றார்? காரணமில்லாம திரும்புற கையை நம்பி யார் கண்ணைக் கொடுப்பாங்க?” என்று சிரித்தாராம் லென்ஸ்காரர்.

அக்கா தன் புதுக் கண்ணாடியை வாங்கவே மறந்து நேராக என் மேசைக்கு வந்தாள். தான் ‘காரணமில்லாமல்’ என்று சொன்னதுண்டா என்று கேட்டாள். எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கோப்பை எடுத்து, தாளைப் புரட்டி, தேடுவதுபோல் தேடி, “அது ஆபீஸ் நடை, அக்கா” என்றேன்.

அவள் கோப்பை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். பிறகு, ஒருவரும் கேட்காததால் ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொன்னாள்.

“அவர் தள்ளாடலை. மயக்கம் வந்தவன் சரிவான். இவர் ஹேண்டிலை ஒடிச்சுத் திருப்பினார். தெரிஞ்சேதான் திருப்பினார். எதைப் பார்த்துத் திருப்பினார்னுதான் எனக்குத் தெரியலை.”

இந்த இடத்தில் நல்ல கதாபாத்திரமாக இருந்தால், உடனே பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்திருப்பான். நான் தேநீர் குடிக்கப் போனேன்.

4

உறைபனி விழுந்த முதல் நாள் காலை, அக்கா வேலைக்குப் போகத் தன் மகளுடைய பழைய சைக்கிளை வெளியே உருட்டினாள். கல்யாணமாகிப் போன மகள் விட்டுப்போனது. முன்னால் கூடை வைத்தது. இருக்கையை இறக்கிக் காற்று அடித்து முந்தின நாளே தயாராக வைத்திருந்தாள்.

விபத்து நடந்த இடத்தை நடந்து போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் நடந்து போகலாம் என்றாள். காற்றா, எதிர்வண்டி வெளிச்சமா, நாயா, தன் பேருந்துதான் அவரைப் பயமுறுத்தியதா, ஒன்றுமே தெரியாது. அவர் உட்கார்ந்த உயரத்தில் உட்கார்ந்து, அவர் போன ஓரத்தில் போய், குளிரில் கை மரத்துப்போன அவருக்கு என்ன தெரிந்ததோ அது தெரிய வேண்டும். அதற்குக் குளிர்காலம் முழுக்க ஆனாலும் சரி.

முதல் வரைவில் அவள் வீட்டுக்காரரை நான் கொஞ்சம் வில்லனாக்கியிருந்தேன். வாசலை மறித்து நிற்கவைத்து, ஊர் என்ன சொல்லும் என்று வசனம் பேசவைத்தேன். கதைக்கு ஓர் எதிர்ப்பு வேண்டுமல்லவா? உண்மையில் அவர் மறிக்கவில்லை. மனசு ஒடிந்துபோனார். பதினாலு வருடமாகக் கொண்டுபோய் விட்டவனுக்குக் கை கால் விளங்காமல் போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். அவள் விவரம் சொன்னாள். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பி, முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, அவள் பின்னாலேயே நடைவேகத்தில் வந்தார். ஒரு வாரம் வந்தார். பெண் சைக்கிளில் முன்னால், மனிதர் ஸ்கூட்டரில் பின்னால். கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது என்று பணிமனை வாயிற்காவலர் சொல்லிச் சிரித்தார். கடைசியில் அக்காதான், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் தன் நிழலே முன்னால் விழுந்து பாதையை மறைக்கிறது என்று சொல்லி அவரை வீட்டிலேயே நிறுத்தினாள். அதற்கப்புறம் அவர் சாயங்காலம் தோறும் அவளுக்குத் தெரியாமல் செயினுக்கு எண்ணெய் விட்டுவைத்தார். அவளுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

5

ஒன்பது கிலோமீட்டர். பேருந்தில் இருபது நிமிடம், அதுவும் நிறுத்தத்தோடு. சைக்கிளில் முதல் நாள் ஐம்பது நிமிடம் ஆயிற்று.

பேருந்தின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பதினாலு வருடம் பார்த்த சாலை வேறு, இது வேறு. மேட்டுச் சாலை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேருந்து அதை ஒரு கியரில் விழுங்கிவிடும். பாலத்தின் மேல் காற்று பக்கவாட்டில் வந்து கூடையைப் பிடித்துத் தள்ளும். காதும் மூக்கும் முதலில் போகும், அப்புறம் விரல். விரல் போனால் பிரேக் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றத்தில் வியர்க்கும், இறக்கத்தில் அந்த வியர்வையே முதுகில் ஜில்லிட்டு ஒட்டும். பணிமனைக்கு வந்து கழிப்பறையில் சட்டை மாற்றிக்கொண்டு, கையை வெந்நீர்க் குழாயில் காட்டிக்கொண்டு நிற்பாள். ரத்தம் திரும்பி வரும்போது ஏற்படும் வலிக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்றாள் என்னிடம். அதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். பெயர் எனக்கும் அகப்படவில்லை.

இரண்டு முறை விழுந்தாள். ஒருமுறை முட்டி சிராய்த்தது. இன்னொரு முறை விழுந்தது மேட்டுச் சாலையில், ஒரு பள்ளிக்கூட வாசலில், நின்றுகொண்டிருந்தபோது. நிற்கும்போது எப்படி விழ முடியும் என்று கேட்டேன். கால் மரத்திருந்தால் ஊன்றியதாக நினைத்துக்கொள்ளும், ஊன்றியிருக்காது என்றாள்.

ஆனால் அவளை உலுக்கியது விழுந்ததல்ல. பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, ஒரு பெரிய வண்டி அவளைக் கடந்து போயிற்று. முறையாகத்தான் போனது. ஹாரன் அடிக்கவில்லை, உரசவில்லை. ஒரு கை தூரம் இருந்தது. ஆனாலும் அந்தக் காற்று அவளை முதலில் வெளியே தள்ளியது, வண்டி தாண்டியதும் உள்ளே இழுத்தது. சைக்கிளை நிறுத்தி இறங்கி ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கை தூரம். அவளும் அப்படித்தான் கடப்பாள். வருடக்கணக்காக. அதுவே தாராளம் என்று நினைத்திருந்தாள்.

அன்றைக்கு அவள் ஓட்டிய முதல் வண்டி நான்கு நிமிடம் தாமதமாக வந்தது. ஏன் என்று நான் குறிப்பெழுதக் கேட்டபோது, வழியில் மூன்று சைக்கிள் இருந்தன என்றாள்.

6

சலவைக்கூடத்து வளைவு என்று பணிமனையில் சொல்வோம். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கிற பெரிய சலவைக்கூடம் அங்கே இருக்கிறது. விபத்து நடந்த இடம் அதுதான். பணிமனையிலிருந்து கிளம்பும் முதல் வண்டி ஊர் விளிம்புவரை போய்த் திரும்பும். திரும்பி வரும் வழியில் இந்த வளைவு. அக்கா வீட்டிலிருந்து சைக்கிளில் வருவதும் அதே பக்கமாகத்தான்.

முப்பத்தேழு நாள் அந்த வளைவில் ஒன்றும் இல்லை. தினமும் அங்கே வரும்போது மிதிப்பதை நிறுத்தி, சும்மா உருண்டு, கண்ணைத் தீட்டிக்கொண்டு போவாள். ஒன்றும் இல்லை.

[இங்கே அவள் நம்பிக்கை இழந்ததாக ஒரு பத்தி எழுதினேன். அவள் அதை அடிக்கச் சொன்னாள். இழக்கவில்லையாம். சலித்துப்போயிற்று, அது வேறு.]

முப்பத்தெட்டாம் நாள் கடுங்குளிர். வளைவுக்குள் நுழைந்தவளின் சைக்கிள் விளக்கில், சாலை ஓரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்துப் பளபளத்தது. அவள் யோசிக்கவில்லை. கை யோசித்தது. ஹேண்டிலை ஒடித்துத் திருப்பியது, சைக்கிள் சாலை நடுவுக்குப் போயிற்று. நல்ல காலம், பின்னால் வந்த பால் வண்டி தூரத்தில் இருந்தது. அந்த ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி, காரணமே இல்லாமல் இப்படிக் குறுக்கே வந்து விழுகிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கத்திவிட்டுப் போனார்.

அக்கா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். குனிந்து கையுறையைக் கழற்றிச் சாலையைத் தொட்டாள். தண்ணீர் மாதிரி இருந்தது தண்ணீர் இல்லை. நடைபாதையிலிருந்து சாலையின் கால்வாசி அகலத்துக்கு வழவழவென்று உறைந்து கிடந்தது. மேலே பார்த்தாள். சலவைக்கூடத்துச் சுவரில் ஒரு குழாய்; அதன் முழங்கை மூட்டில் விரிசல்; வாயில் ஆவி.

அங்கேயே நிற்க அவளுக்கு ஆசை. ஆனால் முதல் வண்டியை எடுக்க வேண்டும். எடுத்தாள். திரும்பி வரும்போது, ஓட்டுநர் இருக்கை உயரத்திலிருந்து அந்த இடத்தை வேண்டுமென்றே உற்றுப் பார்த்தாள். ஈரத் தார் மாதிரி தெரிந்தது. தெரிந்தே பார்த்தவளுக்கே அப்படி. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது வெறும் ஈரம். ஏழு மணிக்கு மேல், பனி உருக உப்புத் தூவும் வண்டி வந்து போயிருந்தது. போன வருடம் விசாரணை அதிகாரி அந்த வளைவுக்கு வந்தது பதினொரு மணிக்கு. அறிக்கையில் நானே எழுதியிருக்கிறேன்: ‘சாலை ஈரமாக, ஆனால் பழுதின்றி இருந்தது.’

7

தனியாள் பேச்சு அம்பலம் ஏறாது என்று அக்காவுக்குத் தெரியும். அடுத்த கடுங்குளிர் நாளுக்கு முந்தின மாலை என்னிடம் வந்து, காலையில் ஐந்து இருபதுக்கு வளைவில் நிற்கச் சொன்னாள். எனக்குச் சைக்கிள் தெரியாது. நடந்தே போனேன். கையில் குறிப்பேடு, பேனா, கழுத்தில் மப்ளர். ஓர் எழுத்தாளன் களஆய்வுக்குப் போகிற தோரணையில் சாலை ஓரத்தில் கால் வைத்தேன்.

அடுத்த கணம் உட்கார்ந்திருந்தேன். பேனா ஒரு பக்கம், குறிப்பேடு ஒரு பக்கம். அக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“இருக்கா இல்லையா?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்று உட்கார்ந்தபடியே சாட்சி சொன்னேன்.

8

எழுந்த பிறகு பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. அன்றைக்கே அவள் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இம்முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை. கடைசியில் அவள் இன்னொரு வரி சொன்னாள்:

நான் அவரை ஒரு கை தூரத்தில் கடந்துகொண்டிருந்தேன். இன்னும் விலகிப் போயிருந்தால் நிறுத்தியிருக்க முடியும்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். குழாயும் விரிசலும் போதும், லென்ஸ்காரர் மேல் உள்ள பழி போய்விடும். இந்த வரியை யாரும் கேட்கவில்லை, இதை எழுதினால் இருபத்தோரு வருடத்துச் சுத்தமான பதிவேட்டில் கறை விழும் என்று மன்றாடினேன். போன தடவை யாரும் கேட்காததை நான் எழுதினேன் என்று அவள் நினைவுபடுத்தினாள். இந்தத் தடவை யாரும் கேட்காததை அவள் எழுதச் சொல்கிறாள், அதில் என்ன தவறு என்று கேட்டாள். மறுபடி பேனாவை எடுத்தேன். எழுதினேன். அதற்குக் கீழே, ‘காரணமின்றி’ என்ற சொல் ஓட்டுநர் கூறியதன்று, எழுத்தர் சேர்த்தது என்று என் பெயரில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகக் குட்டையான நல்ல வாக்கியம் அதுதான்.

மேலாளர் தாளைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மூடிய கோப்பைத் திறப்பது தேன்கூட்டில் கல்லெறிவது மாதிரி என்றார். திறந்தால், முடிகிறவரை அக்கா வண்டி ஓட்டக் கூடாது, விதி அது. போகட்டும் என்றாள் அக்கா. மேலாளர் என்னைப் பார்த்தார். நான் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். மறுமாதம் பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நான் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது.

ஐந்து வாரம் அக்கா தவறவிட்ட பொருட்கள் அறையில் உட்கார்ந்தாள். குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு பல்செட். வேலை ஒன்பது மணிக்குத்தான். வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்து வைத்துப் பார்த்தார். அவள் சைக்கிளில்தான் வந்தாள், அதுவும் ஐந்து மணிக்கே கிளம்பி. ஏன் என்று கேட்டதற்கு, ஒன்பது மணிச் சாலையைத் தெரிந்து தனக்கு என்ன ஆகவேண்டும் என்றாள்.

திருத்திய அறிக்கை வந்தது. ‘சாலையில் உறைந்திருந்த நீரைத் தவிர்க்க மேற்படி நபர் திரும்பினார்’ என்று ஆயிற்று. குழாயில் விரிசல் விழுந்தது விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் என்பது சலவைக்கூடத்துப் பராமரிப்புக் குறிப்பிலேயே இருந்தது, இப்போதுதான் குழாயை மாற்றினார்கள். போதிய இடைவெளி விடாததற்காக அக்காவின் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை ஏறியது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மறுபடி முதல் வண்டி.

9

ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் லென்ஸ்காரர் வீட்டுக்குப் போனோம். நகல் தபாலில் வரும், நேரில் கொடுக்க வேண்டியதில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா காதில் வாங்கவில்லை.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. அக்காவை யாரென்று தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து அவர்தான் கூப்பிட்டார். சின்னக் கூடம், சன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் அவர். தாளை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ என் கை சரியாத்தான் இருந்துச்சா?”

“சரியா இருந்துச்சு. ரொம்ப சரியா இருந்துச்சு. நான்தான் ரொம்பப் பக்கத்துல வந்தேன்” என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டினார். மனைவி தாளை அவர் கையிலிருந்து வாங்கிப் படித்தார். பிறகு பழைய தாளில் அந்தச் சொல்லை எழுதியது யார் என்று கேட்டார். குரல் உயரவில்லை. அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. நானே சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள். நான்தான் என்றேன்.

“ஒரு வருஷமா இவரைக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட விடலை நான். உள்ள விழுந்துட்டா என்ன பண்றதுன்னு. வெளியில நின்னு பேச்சுக் கொடுத்துட்டே இருப்பேன். ஐம்பது வயசு ஆம்பளை” என்றார். தாளைக் கணவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஏன் எழுதினீங்க?” என்றார்.

வாக்கியம் மொட்டையாக இருந்தது என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. மன்னித்தார் என்று எழுத எனக்கு ஆசை. [மன்னித்தா] அவர் மன்னிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு தம்ளரில் தேநீர் கொண்டுவந்தார், ஒன்று அக்காவுக்கு, ஒன்று கணவருக்கு.

லென்ஸ்காரர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். விளக்கு எவ்வளவு தூரத்தில் விழுந்தது, எவ்வளவு வேகம், முன்சக்கரம் பட்டதா இல்லையா, எந்தப் பக்கமாக ஒடித்தாள் என்று. தன்னிடமிருந்து தொலைந்துபோன ஒரு காலையை அவளிடமிருந்து துண்டு துண்டாக வாங்கிக்கொண்டிருந்தார். அவளும் அலுக்காமல் கொடுத்தாள். கடைக்காரரிடம் நாளைக்கே இந்தத் தாளைக் காட்டப்போவதாகச் சொன்னார். சக்கரத்துக்குத் திரும்ப விடுவாரா என்று நான் கேட்டேன். விடவில்லையென்றால் வேறு கடையில் சக்கரம் இல்லையா என்றார். அந்தக் குரல் வேறாக இருந்தது. மனைவியும் அதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்.

இதையெல்லாம் கதையாக எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“இதுவரைக்கும் நடந்ததை எழுதுங்க. இனிமே நான் என்ன செய்யறேன்னு எழுதாதீங்க. அதை நான் இன்னும் முடிவு பண்ணலை.”

நாங்கள் எழுந்தோம். கீழ்வாசல்வரை நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார். மாடிப்படிக்குக் கீழே, துணி போட்டு மூடி, அவருடைய சைக்கிள் இருந்தது. அக்கா அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். நாளைக்குச் சைக்கிளில் எத்தனை மணிக்கு வளைவைத் தாண்டுவாள் என்று கேட்டார். ஐந்து இருபது என்றாள். பின்னாலேயே இறங்கி வந்த அவர் மனைவி, சைக்கிள் மேலிருந்த துணியை இழுத்து இன்னும் இறுக மூடினார்.

10

முடிவுக்கு மூன்று வரைவு எழுதினேன். ஒன்றில் அவர் வருகிறார். ஒன்றில் வரவில்லை, ஆனால் கடைக்கு நடந்து போகிறார். ஒன்றில் அவர் மனைவி அந்தச் சைக்கிளை விற்றுவிடுகிறார். மூன்றும் சொல்லுக்குச் சொல் நன்றாக வந்திருந்தன. மூன்றையும் கிழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் அந்த வளைவில் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். அக்கா வந்தாள். அவள் தனியாக வந்தாளா என்பது எனக்குத் தெரியும். அவர் கேட்டுக்கொண்டபடி அதை எழுதப்போவதில்லை. உங்களுக்கு அந்த மனிதரை இப்போது ஓரளவு தெரியும். அவர் மனைவியையும் தெரியும். உங்கள் மனசுக்கு என்ன படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தாளில் ஏற்றாதீர்கள்.

நான் சாட்சி சொல்லக்கூடியது இவ்வளவுதான். மணி ஐந்து இருபத்திரண்டு. நல்ல குளிர். வளைவில் மூன்று தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சாலை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, காய்ந்திருந்தது.